சத்தமில்லாத மரம்

ஏணி வேண்டாமுங்க அம்மிணி. அங்கயே செவுத்துல சாத்தி வெச்சிருங்க. முன்னெல்லாம் ஏணி போட்டுத் தென்னமரத்துக் கொண்டை வரைக்கும் ஏறிக் கேட்டுட்டு இருந்தனுங்க. இப்ப தேவையில்லை. இந்த ஹெட்போன் வாங்குன பொறகு கீழ நின்னே கேட்டுடறது. இதைத் தலையில மாட்டிக்கிட்டு ஏணி ஏறுனா நழுவி நழுவி உழுகுது. பன்னெண்டாயிரம் ரூபாய்ச் சாமான். கீழ உழுந்தா என்னாகறது, நீங்களே சொல்லுங்க.

ஒரு வாய் தண்ணி குடுங்க. வேர்த்து வடிஞ்ச கையோட மரத்தத் தொட்டா ஆணி வழுக்கும். செத்த நேரம் உக்காந்து ஆறிட்டுத்தான் எந்திரிப்பேன்.

ஆமா, இந்த மரந்தானுங்களா? முன் ரூம்பு மேலயே சாஞ்சு நிக்குதே. மேல தகரமா? தகரந்தான். உள்ள ஒரு கயித்துக் கட்டில் காலியாக் கெடக்குது, தம்பி இங்கதான் படுத்துட்டு இருந்தாருங்களா? இப்ப நடு ஊட்டுல போட்டிருக்கீங்க. வணக்கமுங்க தம்பி, எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க. ஊட்டுக்காரரு லாரியில இருந்து உழுந்துட்டாருன்னு அம்மிணி போன்லயே சொன்னாங்க. கால்ல கம்பி வெச்சா ரெண்டு மாசம் அசையக் கூடாது. கட்டிலோட கெடக்க வேண்டியதுதான். நடு ஊட்டுல புழுக்கம் தாங்காதுங்களே. முன் ரூம்புன்னா மரத்துக் காத்து வரும். ஒண்ணும் கவலைப்படாதீங்க, இன்னும் அரை மணி நேரத்துல உங்களைப் பழைய எடத்துலயே படுக்க வெச்சுப்போட்டுத்தான் நான் போவேன்.

அம்மிணி, நீங்க போன்ல என்ற சம்சாரத்தைத்தான் கேட்டீங்க. தெரியுமுங்க. ‘மரத்துல காது வெச்சுக் கேக்கற அக்கா இருக்காங்களா’ன்னு கேட்டீங்க. போன் அவளுதுதான். அவ தண்ணி கட்டப் போயிருந்தா, நான் எடுத்தேன். ‘இருக்காங்க, வர்றோம்’னு சொன்னேன். பொய் இல்லீங்களே. அவளும் நானும் ஒரே தொழிலு. அவளுக்கு இதைச் சொல்லிக் குடுத்ததே நான்தான். நான் வந்தா என்ன, அவ வந்தா என்ன.

இல்லீங்க, நான் இங்க வந்தது அவளுக்குத் தெரியாது. சொன்னா அவ வேற மாதிரி பேசுவா. அதை அப்பறம் சொல்றேன்.

செவப்புக் கூன்வண்டுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. மரத்துல எங்கயாவது ஒரு காயம், ஒரு வெட்டு, ஒரு ஆணி அடிச்ச ஓட்டை இருந்தாப் போதும், அதுல முட்டை வெச்சுட்டுப் போயிரும். முட்டை பொரிஞ்சு புழுவாகி உள்ளயே திங்க ஆரம்பிக்கும். வெளிய மரம் பச்சையாத்தான் நிக்கும். பாளை விடும், குலை தள்ளும், நாம இளநி போட்டுக் குடிச்சுட்டு இருப்போம். உள்ள கூழாப் போயிருக்கும். பொறகு ஒரு நா மத்தியானம், காத்துகூட இருக்காது, கொண்டை அப்படியே முறிஞ்சு உழுகும். ஒரு கொண்டை எத்தனை வெயிட்டுன்னு நெனைக்கறீங்க? மட்டை, குலை எல்லாஞ் சேத்தா ஒரு மாட்டு வெயிட்டு வரும்.

அதைக் கண்ணால கண்டுபுடிக்க முடியாது. காதால முடியும். அது திங்கற சத்தம் கேக்குமுங்க. பக்கத்து ரூம்புல யாரோ வாயை மூடிட்டு முறுக்குத் திங்கற மாதிரி இருக்கும். கறுக், கறுக். அப்பறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் இருக்காது. அப்பறம் மறுபடி கறுக். நான் தேங்காய் மண்டியில இருவது வருசம் வேலை பாத்தவன். மரத்தப் பத்தி என்றகிட்ட யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பொள்ளாச்சியில டேப் ரிப்பேர் பண்ணிட்டு இருந்த ஒரு சிநேகிதன் எனக்கு ஒரு செட்டு பண்ணிக் குடுத்தான். ஒரு நீட்ட ஆணி. ஆணி மண்டையில ஒரு பித்தளைத் தகடு, மணி அடிக்கற பொம்மையில வருமே, அது. அதுல இருந்து ஒரு ஒயரு ஆம்ப்ளிபயருக்கு. ஆம்ப்ளிபயர்னா பெருசா நெனைக்காதீங்க, ஒரு சோப்பு டப்பாவுக்குள்ள அடக்கி வெச்சான். இதோ பையில இருக்குது பாருங்க, அதே சோப்பு டப்பாதான். அதுல ஹெட்போனைச் சொருகிக் கேக்கறது.

பழைய ஹெட்போன் எடது காது செத்துப்போச்சுங்க. ஒயரு அத்து அத்து டேப்பு சுத்தி வெச்சிருந்தேன். வலது காதுல மட்டுந்தான் கேக்கும். அதனால எடது பக்கத்தைக் கழட்டி மேல தள்ளிட்டு அந்தக் காதை மரத்துலயே ஒட்ட வெச்சுக்குவேன். ஒரு காதுல டப்பா, ஒரு காதுல மரம். ராமாத்தா, என்ற சம்சாரம், மரத்துக்கு அக்கட்டால நின்னு அவளும் காதை வெப்பா. மூணு எடத்துல கேப்போம். அடியில, நெஞ்சு ஒசரத்துல, ஏணி போட்டுக் கொண்டைக்குக் கீழ. ரெண்டு பேருக்கும் கேட்டாத்தான் செவப்புத் துணி கட்டறது. துணி கட்டுனா மருந்து வெக்கணும், இல்லைன்னா வெட்டோணும். ஒரு நாளைக்கு நாப்பது மரந்தான் பாக்க முடியும். நாங்க துணி கட்டுன மரத்துல புழு இல்லாம இருந்ததில்லை. கட்டாத மரம் உழுந்ததும் இல்லை. அந்தப் பேரு எங்களுக்கு இருந்துச்சுங்க. இப்பவும் இருக்குது.

அப்பறம் டப்பா சத்தம் கொறைய ஆரம்பிச்சுது. ஹெட்போனும் ஒத்தக் காது. மூணு சீசன் சேத்து வெச்ச காசு பன்னெண்டாயிரம் இருந்துச்சு. ஒண்ணு வாங்கலாம். ஒண்ணுதான் வாங்க முடியும். புது ஹெட்போனா, புது ஆம்ப்ளிபயரான்னு கேள்வி வந்துச்சுங்க. எங்க ஊட்டுல கெரகம் அன்னைக்கே புடிச்சுதுன்னு சொல்லுவேன்.

ராமாத்தா சொல்றா, “ஏனுங் மாமா, ஹெட்போனு ஒத்தக் காதுன்னா இருந்துட்டுப் போகட்டும். இன்னொரு காதுதான் மரத்துல இருக்குதே. டப்பாவுக்குத்தான் உசுரு போயிட்டு இருக்குது. போன வருசம் பக்கத்துல கேட்ட சத்தம் இப்பக் கெணத்துக்குள்ள இருந்து கேக்கற மாதிரி இருக்குது. ஆம்ப்ளிபயர் வாங்குங்க.”

பொம்பளைங்க பேச்சு எப்படின்னா, அவங்களுக்கு ஊட்டுக்குள்ள இருக்கறதுதான் கணக்கு. தொழில்ல வெளிய நாலு பேரு பாக்கறாங்கன்னு ஒண்ணு இருக்குதல்லங்க? ஆம்ப்ளிபயர் பைக்குள்ள கெடக்கும். ஆருங்க பாக்கறாங்க அதை? ஹெட்போன்தான் தலையில இருக்குது. கோட்டூர்ல அப்புக்குட்டியண்ணன் தோப்புல பத்துப் பேரு நிக்கறப்ப, அவரு என்ற ஹெட்போனைக் காட்டி, “திருமலைசாமி, அதென்னப்பா காதுல பேண்டேஜ் போட்டிருக்குது?”ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ராமாத்தா மட்டும் சிரிக்கலை. அதுக்கு அடுத்த வாரம் ஏதோ காலேஜ்ல இருந்து ரெண்டு பசங்க வந்து அவரு தோப்பைச் சும்மா சுத்திப் பாத்துட்டுப் போனாங்க. அவனுக காதுல என்ன பெரிய ஹெட்போன் தெரியுங்களா? அவனுகளுக்கு அப்புக்குட்டியண்ணன் கையால இளநி சீவிக் குடுத்தாரு.

பார்வைக்கின்னு நான் வாங்கலீங்க. அப்படி நெனைச்சுக்காதீங்க. ரெண்டு காதுலயும் கேட்டா இன்னும் நல்லாக் கேக்குமல்ல, அந்த ஞாயம்தான்.

கோயமுத்தூர் போனேன். கடையில ஏஸி. ஒரு சின்னப் பையனாட்ட இருக்கறான், அவன்தான் மொதலாளிங்கறான். எடுத்துக் காட்டுனான் பாருங்க இதை. கறுப்பு, மெத்து மெத்துன்னு தோலு. மேசை மேல இரும்புல ஒரு பெரிய பெட்டி, ரெண்டு திருகு இருந்துச்சு. அதுல சொருகி என்ற தலையில மாட்டி உட்டான். நாதஸ்வரம் ஓடுது. அம்மிணி, அவரு மூச்சு இழுக்கறது கேட்டுச்சுங்க. வெரலை ஓட்டையில இருந்து எடுக்கறது கேட்டுச்சுங்க. என்ற கண்ணுல தண்ணியே வந்துருச்சு. மூச்சே இப்படிக் கேட்டா புழு எப்படிக் கேக்கும்னு நெனைச்சேன்.

காசை எடுத்து நீட்டறேன், அந்தப் பையன் வாங்க மாட்டீங்கறான். “சார், நீங்க எதுல சொருகிக் கேப்பீங்க?”ன்னு கேட்டான். டப்பாவை எடுத்துக் காட்டுனேன். அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, “சார், இது பெரிய ஹெட்போன், இந்தச் சின்ன டப்பா இதைத் தள்ளாது, சத்தமே வராது. இந்தப் பெட்டியில போட்டதுனாலதான் உங்களுக்கு இப்படிக் கேட்டுச்சு. இந்தக் காசுக்கு ஒரு ஆம்ப்ளிபயர் வாங்கிட்டுப் போங்க. பழைய ஹெட்போனு ஒயரை நானே சும்மா மாத்தித் தர்றேன். இதை அப்பறம் காசு வந்தா வாங்கிக்கலாம்”கறான்.

தள்ளாதாம்! ஹெட்போன் என்ன நின்னுபோன லாரிங்களா, தள்ளறதுக்கு? தம்பி சிரிக்கறாரு பாருங்க. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, ஆம்ப்ளிபயர்ல அவனுக்கு லாபம் கூட. நான் வெள்ளாமைக்காரன் தலையில மொளகா அரைக்கறவங்களை எத்தனை பேரைப் பாத்திருக்கறேன். “எனக்கு இதுதான் வேணும், குடு”ன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

ஊட்டுக்கு வந்து கட்டிலு மேல வெச்சேன். ராமாத்தா பாத்தா. திரும்பி அடுப்படிக்குப் போயிட்டா. அப்படிப் போறதும் ஒரு பேச்சுங்க, தெரியுமல்ல?

சரி, சோதிச்சுப் பாக்கலாம்னு வாய்க்கால் மேட்டுல ஒரு மரம், நாங்களே போன வாரம் துணி கட்டுனது, அதுக்குப் போனோம். மருந்து வெச்சு ஆறு நாளாச்சு. ஆணியைச் சொருகி, மாட்டிக் கேட்டேன். அம்மிணி, எத்தனை அமைதி! பழைய ஹெட்போன்ல கொர்ருன்னு ஒரு எரைச்சல் எப்பவும் இருக்கும். இதுல ஒண்ணுமே இல்லை. கோயில் நடை சாத்துன பொறகு உள்ள நிக்கற மாதிரி. மருந்து கேட்டிருச்சு, புழு செத்துருச்சுன்னு சொன்னேன். அவ மரத்துல காதை வெச்சா. “திங்குதுங்க மாமா”ன்னா. நான் திரும்ப மாட்டிக் கேட்டேன். ஒண்ணுமில்லை. “உனக்குப் பழக்கதோசம், எதுல காதை வெச்சாலும் அது கேக்கும்”னு சொல்லிக் கத்தியால துணியை அறுத்துப் போட்டேன்.

அந்த மரம் பதினஞ்சு நாள்ல உழுந்துச்சு. அது வாய்க்கால் ஓரம், மண்ணு எளக்கம். உழுகத்தான் செய்யும்.

செத்த இருங்க, போன் அடிக்குது… அவதான். தண்ணி கட்டிட்டு வந்துட்டா போல இருக்குது. இப்ப வேண்டாம், கட் பண்ணி வெச்சிடறேன். என்ன அவசரம்.

அப்பறந்தான் அப்புக்குட்டியண்ணன் தோப்பு. அவரே கூப்பிட்டாரு. இதைத் தலையில மாட்டிட்டு எறங்கறேன், ஒருத்தரும் சிரிக்கலை. அவரு எட்டி நின்னு கையைக் கட்டிட்டுப் பாக்கறாரு. நூத்திப் பத்து மரம். ஒரே நாள்ல முடிச்சேன் அம்மிணி! ஏணி இல்லை, அக்கட்டால ஒரு ஆளு இல்லை. ஆணியைச் சொருகு, கேளு, அடுத்தது. நூத்திப் பத்தும் சுத்தம். “அண்ணா, இப்படி ஒரு தோப்பை நான் பாத்ததே இல்லை, ஒரு மரத்துலகூடச் சத்தமில்லை”ன்னேன். எனக்கும் இளநி சீவிக் குடுத்தாருங்க. அவரு கையால.

ராமாத்தா அன்னைக்கு வந்திருந்தா. வேலியோரம் ஒரு மரத்துல காதை வெச்சுட்டு அப்படியே நின்னுட்டு இருந்தா. நான் கூப்பிட்டேன், வரலை. கிட்டப் போனா, அவ மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு. “ஒண்ணு ரெண்டு இல்லீங்க மாமா. உள்ள நெறையாத் திங்குது”ன்னு மெல்லச் சொன்னா. அப்புக்குட்டியண்ணன் பாத்துட்டு இருக்கறாரு. நான் என்ன பண்ணட்டும்? “வா போலாம்”னு கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன்.

ரெண்டு மாசத்துல ஒம்பது கொண்டை உழுந்துச்சுங்க அந்தத் தோப்புல. அவரு தண்ணி கட்டுனது சரியில்லை. வெயில் காலத்துல வாரம் ஒருக்காக் கட்டோணும், அவரு பத்து நாளைக்கு ஒருக்காக் கட்டுனாரு. அதை நான் நேராவே சொன்னேன். அதுக்கப்பறம் எதுர்ல வந்தா அவரு வண்டியைத் திருப்பிக்கறாரு.

பொறகு மயிலாத்தா. தனியா இருக்கற பொம்பளை, ரெண்டு மாட்டை வெச்சுப் பால் ஊத்திப் பொழைக்குது. மாட்டுக் கட்டுத்தாரைகிட்ட ஒத்த மரம். நான்தான் பாத்துக் குடுத்தேன். “இங்க மாடு கட்டலாமுங்களாண்ணா? செனை மாடு”ன்னு கேட்டுச்சு. “தாராளமாக் கட்டு”ன்னேன். மோர் குடுத்துச்சு, குடிச்சுட்டு வந்தேன். நாலாம் நாள் மத்தியானம் உழுந்துருச்சு. மாட்டு முதுகு மேலயே. அம்மிணி, அந்த நேரத்துல மாடு அங்க எதுக்கு நிக்கோணும்? மேய்ச்சலுக்குப் போயிருக்கோணுமல்ல? வெயிலுன்னு புடிச்சு நெழல்ல கட்டியிருக்குது. அதுக்கு நான் என்ன பண்றது.

அந்தப் பொம்பளை சண்டைக்கு வந்திருந்தாக்கூடப் பரவாயில்லைங்க. வந்து எங்க ஊட்டு வாசல்ல நின்னுச்சு. என்னையப் பாத்துச்சு. போயிருச்சு. ராமாத்தா பின்னாலயே ஓடுனா. எதுக்கு ஓடோணும்? நாமதான் கொன்னோம்னு ஒத்துக்கறாப்பல ஆகாதா?

அன்னையில இருந்து இவ தனியாப் போக ஆரம்பிச்சா. நான் பாத்துச் சொல்லிட்டு வந்த மரத்தையெல்லாம் இவ பின்னால போயி வெறுங்காதுல கேட்டு, செவப்புத் துணி கட்டிட்டு வர்றா. டப்பா இல்லை, ஹெட்போன் இல்லை, கூலியும் இல்லை. சும்மா. காதோரம் தோலெல்லாம் உரிஞ்சு கெடக்குது, மரத்துல தேய்ச்சுத் தேய்ச்சு. சனங்களுக்கு என்ன, காசு இல்லாம வர்றாளேன்னு கூப்பிடறாங்க. ‘மரத்துல காது வெக்கற அக்கா’. நீங்களும் அப்படித்தான கேட்டீங்க? கோபம் இல்லீங்க. கட்டுன பொண்டாட்டியே புருசன் தொழிலைக் கெடுக்கறாளேன்னு வருத்தம். நெம்ப வருத்தமுங்க. முப்பது வருசம் ஒண்ணா இருந்துட்டு, நான் சொல்றதைவிட ஒரு புழு சொல்றதை நம்பறா.

எங்க ஊட்டு வாசல்லயே ஒரு மரம் இருந்துச்சு. எங்க கல்யாணத்துக்கு வெச்ச மரம். அதுலயும் ஒரு நா காலையில பாத்தாத் துணி கட்டியிருக்குது. நான் மாட்டிக் கேட்டேன், சத்தமே இல்லை. அவுத்துப் போட்டேன். அடுத்த நா மறுபடி கட்டியிருந்தா. மறுபடி அவுத்தேன். அப்பறம் அவ கட்டிலை எடுத்துப் பொறக்கடையில போட்டுக்கிட்டா. நான் அசையலை. மரத்தடியிலயேதான் கட்டில் போட்டுப் படுத்தேன். வீம்புன்னு வெச்சுக்கங்களேன். அவ தெனம் என்ற கட்டில் காலைப் புடிச்சு இழுப்பா. அழுதுட்டே இழுப்பா. நான் மறுபடி நகத்திப் போட்டுக்குவேன்.

ஒரு நா நான் சந்தைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ஆளு வெச்சு மரத்தை வெட்டிப்போட்டா.

ஆமாங்க. வெட்டியே போட்டா. நான் வந்து பாக்கறேன், வாசல்ல வெயில் அடிக்குது. இருவது வருசமா அந்த வாசல்ல வெயிலே உழுந்ததில்லை. அவ முறத்துல என்னமோ அள்ளி வெச்சுட்டு எனக்காக உக்காந்திருந்தா. புழு. கட்டை வெரல் தண்டி ஒவ்வொண்ணும். முறம் நெறையா, நெளியுது. “பாருங்க மாமா”ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

நான் பதறலைங்க. வெட்டுன மரத்துக்கு வாசம் புடிச்சு வண்டு வரும், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான? காலையில வெட்டியிருக்கறா, நான் வந்தது சாயங்காலம். அதுக்குள்ள வந்திருக்கும். ஏனுங்க அம்மிணி, அப்படிப் பாக்கறீங்க? ஒரு நாள்ல அத்தனை பெருசு ஆகுமான்னு நீங்களும் கேக்கறீங்களா? அவளும் அதைத்தான் கேட்டா. ஆகும். கொழுத்த மரம்.

சரி, பேசிட்டே இருந்தாப் பொழுது போயிரும். காத்து வேற கெளம்பிருச்சு. நம்ம பக்கம் ஆடி பொறக்கறதுக்கு முன்னாலயே கணவாய்க் காத்து வந்து மோதுது. மேல பாருங்க, கொண்டை ஆடறதை. கொஞ்சம் ஒரு பக்கமா ஆடுதுங்களா? அது குலை பாரம்.

ஆணியை எங்க சொருகலாம்… இங்க ஒரு ஓட்டை இருக்குதே. நீங்க துணி காயப் போடக் கொடி கட்டுன ஆணியா? அது அக்கட்டால இருக்குதா? சரி, அப்ப இது பழைய ஆணி ஓட்டை. செவப்பாச் சாறு வடிஞ்சு காஞ்சிருக்குது, ஆமா, பாத்தேன். அது மழைத் தண்ணி. நாரு மாதிரி வெளிய தள்ளியிருக்கறது எறும்பு. முன்னெல்லாம் ஓட்டை, சாறு, நாருன்னு இதையெல்லாம் பாத்தாலே நாங்க பயந்துக்குவோம். இப்ப நான் கண்ணை நம்பறதில்லைங்க. காதுதான்.

இருங்க. பேசாதீங்க.

ம்.

ம்.

ஒண்ணுமில்லைங்க. சுத்தம்! சொட்டுச் சத்தம் இல்லை. தம்பி, உங்க மரம் பாஸாகிப் போச்சு! கேட்டுச்சுங்களா? வெட்ட வேண்டியதில்லை. நாப்பது காய் வருசா வருசம் எறக்கற மரத்தை எதுக்கு வெட்டறது. அம்மிணி, முன் ரூம்புக் கயித்துக் கட்டிலை அந்தப் பக்கம் புடிங்க, சன்னலோரம் போடுவோம். இல்லீங்க, நாளைக்கு எதுக்கு? நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக் கூடாது. பாருங்க, தம்பியே ஆசைப்படறாரு. “புழுக்கத்துல சாகறதுக்குப் பதிலா அங்க போயிடறேன்”கறாரு. வாங்க தம்பி, என்ற தோள்ல கையப் போடுங்க. மெல்ல. காலைத் தூக்கி வெய்ங்க. அவ்வளவுதான். தலையை இந்தப் பக்கம் வெச்சா சன்னல் காத்து மூஞ்சியில அடிக்கும். எப்படி இருக்குது? இனி நீங்களா எந்திரிச்சு நடக்கற வரைக்கும் ராசா மாதிரி இங்கயே கெடங்க.

அம்மிணி, எங்க போயிட்டீங்க? ஏனுங்க, மரத்துக்கிட்ட என்ன பண்றீங்க? காதை எடுங்க அம்மிணி. அப்படியெல்லாம் வெறுங்காதை வெக்கக் கூடாது, எறும்பு ஏறிக்கும். ராமாத்தா பழக்கத்தை நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா?

என்ன?

கறுக் கறுக்குன்னா? மேல இருந்தா?

இல்லீங்க. அது நான் இப்பச் சொன்னேனல்ல, முறுக்குத் திங்கற மாதிரின்னு, அது உங்க மனசுல நின்னுருச்சு. அதனால கேக்குது. தம்பியை எதுக்குக் கூப்பிடறீங்க, அவரு இப்பத்தான் கண்ணசர்றாரு. எழுப்பாதீங்க. கொஞ்சம் நில்லுங்க. நான் சொல்றதை நம்ப வேண்டாம், நீங்களே கேளுங்க. இந்தாங்க. குனிங்க, நானே மாட்டி உடறேன். முடியை ஒதுக்கிக்கங்க, மெத்தை காதை நல்லா மூடோணும். ரெண்டு காதும். அப்படித்தான்.

இப்பக் கேளுங்க. ஆணி சரியா இருக்குது. டப்பாவும் ஆன்ல இருக்குது. லைட்டு கொஞ்சம் மங்கலா எரியுது, பரவாயில்லை.

அம்மிணி, சத்தம் நின்னுருச்சுங்களா?

தலையை ஆட்டறாங்க தம்பி, ஒண்ணும் கேக்கலையாம்! நான் சொன்னேனல்ல. உள்ள உங்க ஊட்டுப் போன் அடிச்சுட்டே இருக்குது. அவளாத்தான் இருக்கும். அவ போன்ல பதிவான உங்க நம்பரைப் பாத்துக் கூப்பிடறா. அடிக்கட்டும், அம்மிணிக்கு இப்ப அதுவும் கேக்காது. நான் பேசறதே கேக்கலை, பாருங்க, எப்படி முழிக்கறாங்கன்னு. கண்ணு மட்டும் எதுக்கோ கலங்குது.

எத்தனை நல்ல ஹெட்போன், பாத்தீங்களா தம்பி. நீங்க தூங்குங்க. காத்து இன்னும் நல்லா வரும்.